வெட்டுக்கு மசியாத உலோகங்கள்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, மண்ணூர், ஒரகடம் என நீளும் தொழிற்பகுதி கார்களால் பெயர் பெற்றது. 1998-ல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை வந்தது. இவற்றுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகள் சுற்றிலும் பெருகின. வார்ப்பிரும்பு, எஃகு, அலுமினியம் ஆகிய மூன்றும்தான் அந்தப் பட்டறைகளின் லேத்துகளுக்கும் மில்லிங் இயந்திரங்களுக்கும் அன்றாடத் தீனி.

இப்போது இதே பகுதியில், வல்லம்-வடகாலில், சிப்காட் ஏரோஸ்பேஸ் பூங்கா அமைந்துள்ளது. விமானம் என்று வந்துவிட்டால் பட்டறைக்குள் வேறு இரண்டு உலோகங்கள் நுழைகின்றன. ஒன்று டைட்டானியம். மற்றொன்று நிக்கலை அடிப்படையாகக் கொண்ட கலப்புலோகங்கள். விமானத்துக்கு இவை எவ்வளவு நல்லவையோ, வெட்டுபவருக்கு அவ்வளவு பொல்லாதவை. மனிதன் இவற்றை வெட்டக் கற்றுக்கொண்ட வரலாறு சுவையானது. அதில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு.

கறுப்பு மணலில் இருந்து...

1791-ம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார், ஓடையோரம் கிடந்த கறுப்பு மணலை ஆராய்ந்து அதில் புதிய தனிமம் ஒன்று இருப்பதாக அறிவித்தார். 1795-ல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ராத் அதே தனிமத்தை வேறொரு கனிமத்தில் கண்டு, கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரைச் சூட்டினார். பெயர் கிடைத்தும் உலோகம் கிடைக்கவில்லை. ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் என எதைக் கண்டாலும் சூட்டில் ஒட்டிக்கொள்வது டைட்டானியத்தின் குணம். அதனால் அதைத் தூய நிலையில் பிரித்தெடுக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1910-ல் அமெரிக்காவில் மேத்யூ ஹண்டர் அதைச் செய்து காட்டினார்.

ஏறக்குறைய அதே சமயத்தில் நம் தென்கோடியிலும் ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. திருவிதாங்கூரில் இருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் கண்டறிந்தார். மணல் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு அவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அன்று திருவிதாங்கூரிலும், 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இருக்கும் ஊர் இது. அவர் தேடியது விளக்குத் திரிவலைக்குத் தேவையான தோரியம். ஆனால் அந்த மணலில் இல்மனைட் என்ற கறுப்புக் கனிமமும் ஏராளமாக இருந்தது. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு சேர்ந்த கனிமம் அது. 1920-களில் இல்மனைட் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாகத் தொடங்கியது. இன்றும் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் மணலைப் பிரிக்கும் ஆலை நடத்தி வருகிறது.

உலகில் கிடைக்கும் டைட்டானியக் கனிமத்தின் பெரும்பகுதி உலோகமாவதே இல்லை. வெள்ளை பெயிண்டுக்கும் காகிதத்துக்கும் பற்பசைக்கும் வெண்மை தரும் தூளாகத்தான் போகிறது. உலோகமாக்குவது அத்தனை கடினம். லக்சம்பர்க் நாட்டைச் சேர்ந்த வில்லியம் குரோல் 1940-ல் காப்புரிமை பெற்ற முறைதான் இன்றும் பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. கனிமத்தை முதலில் குளோரினோடு சேர்த்து டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவமாக்க வேண்டும். பிறகு காற்றுப் புகாத கலத்தில் மக்னீசியத்தைக் கொண்டு அதிலிருந்து குளோரினைப் பிரிக்க வேண்டும். கடைசியில் கிடைப்பது கடற்பஞ்சு போன்ற ஓட்டை ஓட்டையான கட்டி. அதற்கு 'டைட்டானியம் ஸ்பாஞ்ச்' என்றே பெயர். அதை வெற்றிடத்தில் உருக்கித்தான் உலோகக் கட்டியாக வார்க்கிறார்கள்.

ஜெட் இஞ்சின் கேட்ட உலோகம்

நிக்கல் கலப்புலோகத்தின் கதை போர்க்காலத்தில் தொடங்குகிறது. 1937-ல் இங்கிலாந்தில் ஃபிராங்க் விட்டில் தன் முதல் ஜெட் இஞ்சினை ஓட்டிப் பார்த்தார். எரிந்த வாயு டர்பைன் தகடுகளைச் செந்தணலாகச் சூடாக்கியது. அதே நேரம் சுழற்சி விசை அவற்றை வெளிப்புறமாக இழுத்தது. சாதாரண எஃகு அந்தச் சூட்டில் மெல்ல மெல்ல நீண்டு கடைசியில் அறுந்துவிடும். 1940-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் மோண்ட் நிக்கல் நிறுவனம் நிக்கலும் குரோமியமும் சேர்த்து 'நிமோனிக்' என்ற கலப்புலோக வரிசையை உருவாக்கியது. சிறிதளவு டைட்டானியமும் அலுமினியமும் சேர்த்தபோது அது சூட்டிலும் வலு குறையாமல் நின்றது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'இன்கோனல் 718' வந்தது. இஞ்சினின் சூடான பகுதிகளில் இன்றும் மிகப் பரவலாகப் பயன்படுவது இதுவே.

டைட்டானியத்தின் பெருமை வேறு. எஃகின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் இருக்கும், வலுவோ நல்ல எஃகுக்கு நிகர், துருப்பிடிக்காது. 1950-களில் உருவான, 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த வகையே இன்றும் விமானத் துறையின் முதன்மை டைட்டானியம். இஞ்சினின் முன்பக்க விசிறி, அதைத் தாங்கும் வட்டு, இறங்கு சக்கரத்தின் பாகங்கள் எனப் பல இடங்களில் அது இருக்கிறது. போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் 15 சதவீதம் டைட்டானியம் ஆகும்.

ஏன் வெட்ட முடியவில்லை?

இதைப் புரிந்துகொள்ளச் சமையலறையே போதும். கொதிக்கும் குழம்பில் இரும்புக் கரண்டியை விட்டால் சூடு உடனே கைக்கு ஏறுகிறது. மரக் கரண்டியில் நுனி சுட்டாலும் பிடி சுடுவதில்லை. டைட்டானியம் உலோகமாக இருந்தும் இந்த விஷயத்தில் மரக் கரண்டியின் பக்கம் சாய்கிறது. வெப்பத்தைக் கடத்தும் திறன் சாதாரண எஃகுக்குச் சுமார் 50 என்றால் டைட்டானியக் கலப்புலோகத்துக்குச் சுமார் 7, இன்கோனல் 718-க்குச் சுமார் 11. அலுமினியக் கலப்புலோகங்களுக்கோ நூறைத் தாண்டும்.

உலோகத்தை வெட்டும்போது டூலின் முனையில் கடும் சூடு பிறக்கிறது. எஃகை வெட்டும்போது அந்தச் சூட்டில் நல்ல பங்கை உதிர்ந்து விழும் சீவல் எடுத்துக்கொண்டு போய்விடும். டைட்டானியத்தில் சூடு போக வழியில்லாமல் டூலின் முனையிலேயே தங்கிவிடுகிறது. சூடேறிய டைட்டானியம் டூலோடு வேதிவினை புரிந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது பிய்யும்போது டூலின் விளிம்பையும் பெயர்த்துக்கொண்டு போகிறது. போதாக்குறைக்கு டைட்டானியம் எஃகைவிட இருமடங்கு நெகிழக்கூடியது. மெல்லிய சுவரை வெட்டப் போனால் டூலுக்கு எதிரே வளைந்து, டூல் கடந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அளவு தவறும். மெல்லிய சீவல்கள் தீப்பிடிக்கவும் கூடும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும். உலர்ந்த மணலையோ உலோகத் தீக்கென உள்ள பொடியையோதான் கொட்ட வேண்டும்.

நிக்கல் கலப்புலோகத்தின் சேட்டை இன்னொரு விதம். சூட்டில் வலு குறையாமல் இருப்பதற்காகவே உருவாக்கப்பட்டது அது. எஃகு வெட்டும் சூட்டில் சற்று இளகும், இது இளகாது. அதோடு வெட்ட வெட்ட மேற்பரப்பு இறுகும். மழுங்கிய டூல் ஒருமுறை உரசிவிட்டுப் போனால், அடுத்த முறை வரும் டூல் முன்பைவிடக் கடினமான தோலைச் சந்திக்கிறது. எனவே டூல் கூர்மையாக இருக்க வேண்டும். இறுகிய தோலுக்குக் கீழே ஆழமாக நுழைய வேண்டும். நடுவில் ஓரிடத்தில் நின்று உரசவே கூடாது.

விளைவு என்ன? கார்பைடு டூலைக் கொண்டு எஃகை நிமிடத்துக்கு 200 மீட்டர் வேகத்தில் வெட்டும் பட்டறை, டைட்டானியத்தில் 50 அல்லது 60 மீட்டருக்கு இறங்க வேண்டும். இன்கோனலில் அதைவிடவும் குறைவு.

டூல்களின் வரலாறு

இந்தப் போராட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்கரான ஃபிரெடெரிக் டெய்லர். 26 ஆண்டுகள் உலோகத்தை வெட்டி வெட்டிச் சோதித்து 1906-ல் அவர் தன் முடிவுகளை அறிவித்தார். வெட்டும் வேகத்தைச் சற்று ஏற்றினாலும் டூலின் ஆயுள் மடமடவென்று குறையும் என்பதைக் கணக்காக நிறுவியவர் அவர். அவரும் வைட் என்பவரும் சேர்ந்து உருவாக்கிய டூல் எஃகு 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் செஞ்சூட்டிலும் மழுங்காமல் வெட்டிப் பார்த்தவர்களை வியக்க வைத்தது. அதுவே ஹைஸ்பீடு ஸ்டீல்.

அடுத்து வந்தது கார்பைடு. ஜெர்மனியின் ஓஸ்ராம் பல்பு நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் 1923-ல் டங்ஸ்டன் கார்பைடு பொடியைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சுட்டு இறுக்கினார். பல்புக்குள் இருக்கும் மெல்லிய இழையை இழுக்கும் அச்சுக்காகச் செய்தது அது. குரூப் நிறுவனம் அதை வாங்கி 'விடியா' என்ற பெயரில் விற்றது. 'வைரத்தைப் போல' என்ற பொருள் தரும் ஜெர்மானியச் சொற்றொடரின் சுருக்கம் அது. 1964-ல் பெங்களூரில் விடியா இந்தியா தொடங்கப்பட்டது. கார்பைடு முனை வைத்த டூலை நம் ஊர்ப் பட்டறைகளில் 'விடியா' என்று சொல்வது இப்படி வந்ததுதான். 1980-களில் இழைகளால் வலுவூட்டிய பீங்கான் டூல்கள் வந்து நிக்கலைப் பல மடங்கு வேகத்தில் வெட்ட வழி செய்தன. டைட்டானியத்துக்கு அவையும் உதவவில்லை. சூட்டில் எதனோடும் ஒட்டும் அதன் குணம் பீங்கானையும் விடவில்லை.

டைட்டானியத்தோடு முதன்முதலில் பெரிய அளவில் மல்லுக்கட்டியது அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம். 1962-ல் பறந்த ஏ-12 உளவு விமானமும், அதன் வழிவந்த எஸ்.ஆர்.-71 விமானமும் பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆனவை. பனிப்போர் எதிரியான சோவியத் நாட்டிலிருந்தே, இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக, அந்த உலோகத்தில் ஒரு பகுதி வாங்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரு டிரில் 17 துளை போட்டதும் வீணானது. திட்டத்தின் முடிவில் ஒரு டிரில் 100 துளை போட்டுவிட்டு, மறுபடி சாணை பிடிக்கவும் தாங்கியது. கோடையில் செய்த ஸ்பாட் வெல்டிங் மட்டும் சீக்கிரம் விட்டுப்போனது ஏன் என்று தேடியபோது, பாகங்களைக் கழுவிய ஊர்க் குழாய்த் தண்ணீரில் கோடைக்காலத்தில் அதிகமாகக் கலக்கப்பட்ட குளோரின் என்று தெரிந்தது. காட்மியம் முலாம் பூசிய ஸ்பேனர்கள் பட்ட போல்ட்டுகள் சூட்டில் தலை தெறித்தன. அந்த ஸ்பேனர்களைத் தேடித் தேடி அகற்றினார்கள்.

ஒரே ஒரு துளை

இவ்வளவு கவனம் தேவைதானா என்று கேட்பவர்களுக்கு 1996 ஜூலை 6-ம் தேதி பதில் சொல்கிறது. அமெரிக்காவின் பென்சகோலா விமான நிலையத்தில் டெல்டா நிறுவனத்தின் எம்.டி.-88 விமானம் ஒன்று ஓடுபாதையில் வேகமெடுத்துக் கொண்டிருந்தது. இடப்பக்க இஞ்சினின் விசிறி மையம் உடைந்து சிதறியது. துண்டுகள் விமானத்தின் உடலைத் துளைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தன. இரண்டு பயணிகள் உயிரிழந்தனர்.

விசாரணை ஒரு துளையில் போய் நின்றது. டைட்டானியத்தால் ஆன அந்த மையத்தில் போல்ட்டுக்காகப் போட்ட பல துளைகளில் ஒன்றின் உட்சுவர் மட்டும் இயல்புக்கு மாறாக இறுகியிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அதை டிரில் செய்தபோது டிரில் சேதமாகி, கூலண்ட் சரியாகப் போய்ச் சேராமல், சீவல் உள்ளே அடைபட்டுச் சூடேறியிருக்க வேண்டும் என்று விசாரணையாளர்கள் முடிவு செய்தனர். சில நொடிச் சூடுதான். துளையின் அளவு சரியாக இருந்தது. பாகம் பொருத்தப்பட்டது, பதின்மூவாயிரம் முறைக்கு மேல் விமானம் ஏறி இறங்கியது. அந்தத் தடத்திலிருந்து விரிசல் மெல்ல வளர்ந்தது. பராமரிப்புச் சோதனையிலும் அது கண்ணில் படவில்லை.

கார் பாகத்துக்கும் விமானப் பாகத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது; அந்த அளவுக்கு எப்படி வந்தது என்பதும் சரியாக இருக்க வேண்டும். விபத்துக்குப் பின் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் இஞ்சின் நிறுவனங்களும் கூடி, வட்டுகளில் துளையிடும் முறைக்குப் புதிய வழிகாட்டுதல்களை வகுத்தன. டிரில் இழுக்கும் மின்சக்தி, கூலண்ட் பாய்வு ஆகியவற்றை இயந்திரமே கண்காணிக்க வேண்டும் என்ற வழக்கம் வலுப்பெற்றது. டூல் மழுங்கிய பிறகு மாற்றுவதல்ல, இத்தனை துளைக்குப் பின் நன்றாக இருந்தாலும் மாற்றுவது என்பது விதியானது. ஒப்புதல் கிடைத்த வேகத்தையோ டூலையோ ஆபரேட்டர் தன் விருப்பப்படி மாற்ற முடியாது.

இந்தியா நடந்த பாதை

இந்தியாவில் ஜெட் இஞ்சின் தயாரிப்பு 1950-களின் பிற்பகுதியில் பெங்களூர் எச்.ஏ.எல்.லில் தொடங்கியது. பிரிட்டனின் ஆர்ஃபியஸ் இஞ்சின் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டது. 1961 ஜூன் 17 அன்று பறந்த நம் முதல் ஜெட் போர் விமானமான மாருத், இந்த இஞ்சினின் வலு போதாமல் கடைசி வரை தவித்தது. 1964-ல் மிக் விமான இஞ்சின்களுக்காக ஒடிசாவின் கோராபுட்டில் எச்.ஏ.எல். தொழிற்சாலை நிறுவப்பட்டது. உரிமத்தோடு வரைபடம் வந்தது. எப்படி வெட்டுவது என்ற குறிப்பும் வந்தது. ஏன் அப்படி வெட்ட வேண்டும் என்ற அறிவு மட்டும் கூடவே வந்துவிடவில்லை.

அதைச் சொந்தமாகத் தேடும் முயற்சிகள் பின்னர் வந்தன. சிறப்பு உலோகங்களுக்காக 1973-ல் ஹைதராபாத்தில் மிதானி தொடங்கப்பட்டது. 1989-ல் காவேரி இஞ்சின் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. தேஜாஸ் விமானத்துக்காகத் திட்டமிடப்பட்ட காவேரி, போதிய உந்துவிசையை எட்டாததால் 2008-ல் அதிலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜாஸ் அமெரிக்க இஞ்சினோடு பறக்கிறது. உயர்வெப்ப உலோகங்களைச் செய்வதிலும் அவற்றுக்கு உருவம் கொடுப்பதிலும் இருந்த இடைவெளி காவேரியின் பின்னடைவுக்கு ஒரு முக்கியக் காரணம்.

மணலின் கதைக்கும் ஒரு திருப்பம் வந்தது. கேரளத்தின் சவராவில் 2011-ல் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலை திறக்கப்பட்டது. தொழில்நுட்பம் ஹைதராபாத் டி.எம்.ஆர்.எல். ஆய்வகத்தினுடையது, பணம் இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தினுடையது. இந்தக் கடற்கரையின் கனிமத்தை உலகம் கண்டுகொண்டு நூறு ஆண்டு கழித்துத்தான், அதிலிருந்து இங்கேயே உலோகம் எடுக்கும் ஆலை வந்தது. மணவாளக்குறிச்சிக்கு அதிகத் தொலைவில்லாத மகேந்திரகிரியில் இஸ்ரோ தன் ராக்கெட் இஞ்சின்களைச் சோதிக்கிறது. அந்த ராக்கெட்டுகளில் உயர் அழுத்த வாயுவை அடைத்து வைக்கும் உருண்டைக் கலங்கள் டைட்டானியத்தால் ஆனவை.

ஒரகடம் வரை

2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகியவை அதன் ஐந்து முனைகள். நூற்பு இயந்திரங்களுக்குப் பெயர் பெற்ற கோவையின் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் விமானப் பாகங்களுக்கெனத் தனிப் பிரிவே நடத்துகிறது. ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பட்டறைகளும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது இயல்பே.

ஆனால் பழக்கத்தை மாற்றுவதுதான் பெரிய வேலை. கார் பாகத்தில் ஒரு துண்டுக்கு ஐந்து நொடி மிச்சம் பிடித்தால் அது சாதனை. லட்சக்கணக்கில் ஒரே பாகம் ஓடும். ஒன்று பழுதானால் தூக்கிப் போடலாம். விமானப் பாகத்தில் எண்ணிக்கை சிறிது. ஒரு துண்டு உலோகத்தின் விலையே பெரிது. பத்துக் கிலோ கட்டியை வாங்கி ஒன்பது கிலோவைச் சீவித் தள்ளி ஒரு கிலோ பாகம் எடுப்பதும் சாதாரணம். கடைசித் துளையில் தவறினால் முந்தைய பல மணி நேர வேலையும் போயிற்று. அதைவிட ஆபத்தானது, தவறியதை மறைப்பது. டிரில் பாதியில் முறிந்தால், புதிய டிரில் போட்டு முடித்துவிட்டு வாய் மூடிக்கொள்ளும் ஆபரேட்டரைவிட, இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரை அழைக்கும் ஆபரேட்டர்தான் இந்தத் தொழிலுக்கு வேண்டியவர். அப்படி அழைத்தவரைத் திட்டாத மேற்பார்வையாளரும் வேண்டும்.

இந்தப் பகுதிக்கு வேறொரு அனுபவமும் உண்டு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா செல்போன் தொழிற்சாலை ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேலை தந்தது. 2014-ல் அது மூடப்பட்டது. வரி வழக்கு, கை மாறிய நிறுவனம் எனக் காரணங்கள் பல. பாகங்களைப் பொருத்தும் வேலையைச் சில வாரங்களில் கற்கலாம். அதே காரணத்தால் சில வாரங்களில் வேறு ஊருக்கு மாற்றவும் முடியும். டைட்டானியத்தையும் இன்கோனலையும் வெட்டும் திறமை அப்படியல்ல. டூல் எழுப்பும் ஓசையில் மாற்றம் கேட்பது, சீவலின் நிறம் பார்த்துச் சூட்டை அறிவது, ஒவ்வொரு துளைக்கும் உண்மையான பதிவேடு வைப்பது எல்லாம் ஆண்டுக்கணக்கில் ஒரு பட்டறையில் ஊறி வருபவை. அவற்றை லாரியில் ஏற்றிக் கொண்டுபோக முடியாது.

நூறாண்டுகளுக்கு முன் மணவாளக்குறிச்சி மணல் மணலாகவே கப்பலேறியது. அதன் மதிப்பு முழுவதும் போய்ச் சேர்ந்த நாட்டிலேயே கூடியது. இன்று வெட்டத் தெரிந்தவர்கள் இங்கே உருவானால், மதிப்பின் ஒரு பகுதியாவது இங்கேயே தங்கும். மெதுவாக வெட்டு, நிற்காமல் வெட்டு, கூர்மையான டூலால் வெட்டு, நடந்ததை நடந்தபடி எழுது என்பதே அந்த உலோகங்கள் கற்றுத் தரும் பாடம். அதைப் பொறுமையாகப் படிக்கும் பட்டறைகளுக்கே வானம் வசப்படும்.